உறுமாத நாய்

நாயைப் பார்க்கக்கூடாது என்பதுதான் முதல் விதி. ஆகவே டாக்டர் ஹெப்சிபா சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கால்களையும் நீட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டு, எதிரே இருந்த பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிட்ஜின் கதவில் காந்தத் துண்டை வைத்து ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். குழந்தை வரைந்தது. ஒரு வீடு, வீட்டைவிடப் பெரிய சூரியன், கை கோத்தபடி நான்கு பேர். நான்காவது ஆளுக்கு மட்டும் வால் இருந்தது. அந்த நான்காவது ஆள்தான் இப்போது சாப்பாட்டு மேசைக்கு அடியில், ஜன்னல் கம்பியில் கட்டிய கயிற்றின் எல்லைக்குள், முன்னங்கால்கள் மேல் முகவாயை வைத்துப் படுத்திருந்தது. பெயர் ஜாங்கிரி. தெருவிலிருந்து எடுத்து வளர்த்த செம்பட்டை நிற நாட்டு நாய், வயது ஏழு. பதினோரு நாளைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டிவிக்கு முன்னால் படுத்திருந்த அது, தன்மேல் வந்து விழுந்த ஆறு வயது மகிழினியின் கன்னத்தைக் கடித்துவிட்டது. ஒன்பது தையல். இன்னும் ஒரு விரற்கடை மேலே போயிருந்தால் கண். குழந்தையின் அப்பா தணிகைவேல் போனில் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "நீங்க வந்து ஒரு தடவை பாருங்க மேடம். நீங்க இதை வச்சுக்க வேணாம்னு சொன்னா நாளைக்கே ஊசி போட்டு முடிச்சுடலாம். என் வொய்ஃபு நீங்க சொன்னாத்தான் கேப்பேன்னு நிக்கிறா" என்றிருந்தான். இப்போது அவனும் மனைவி ஷர்மிளாவும் குழந்தையும் படுக்கையறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். நாற்பது நிமிஷம் யாரும் வெளியே வரக்கூடாது, சத்தம் போடக்கூடாது, என்ன சத்தம் கேட்டாலும் நான் கூப்பிட்டால் ஒழியக் கதவைத் திறக்கக்கூடாது என்று ஹெப்சிபா சொல்லியிருந்தாள். மணி பத்தேகால். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. மேசைக்கு அடியில் ஒரு காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பியதை அவள் நேராகப் பார்க்காமலே பார்த்தாள்.

கடைக்கண்ணால் பார்ப்பது ஒரு படிப்பு. அதற்கு எத்தனை வருஷம் ஆயிற்று. முகத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு இன்னொரு பக்கத்தை முழுசாக வாங்கிக்கொள்வது. காது எங்கே, வால் எங்கே, மூச்சு வயிற்றிலிருந்து வருகிறதா, நெஞ்சிலிருந்து வருகிறதா, நாக்கு மூக்கை எத்தனை தடவை நக்கியது. இத்தனை வருஷத்தில் இரண்டாயிரத்துக்கும் மேலே பார்த்தாயிற்று. கணவன் துபாய்க்குப் போன நாளிலிருந்து அவனுடைய தலையணையில் மட்டும் மூத்திரம் பெய்த பூனை. நெஞ்சு முழுக்கத் தன் இறகைத் தானே பிடுங்கிப்போட்டுவிட்டுக் கோழித்தோல் போலச் சிவந்து உட்கார்ந்திருந்த கிளி. லாயத்தில் நின்ற இடத்திலேயே காலையிலிருந்து மாலைவரை தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்த குதிரை. எல்லாவற்றின் எதிரிலும் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள், கோவிலில் பிரசங்கம் கேட்க முன்வரிசையில் உட்கார்வதுபோல, முழுசாகக் காத்துக்கொண்டு. ஆனால் கை இப்படிச் சில்லிட்டதில்லை. மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தாள். ஐம்பத்து நான்கு வயதுக்காரியின் கை, நரம்பு எழும்பி, மோதிரம் தளர்ந்து. கடந்த மூன்று வருஷமாக ஒவ்வொரு கடிநாய் வீட்டின் கதவு மணியை அடிக்கும்போதும் இந்தக் கை ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல ஆகிவிடுகிறது. யாரிடமும் சொன்னதில்லை. கணவர் ஜெபராஜிடம்கூடச் சொன்னதில்லை. அவர் கேட்டால் என்ன சொல்வார்? சரி, விட்டுடு, போதும், கிளாஸ் மட்டும் எடு என்பார். பள்ளிக்கூட வாத்தியார், எதற்கும் ஒரு சுலபமான விடை வைத்திருப்பார். விட்டுவிட்டால் இந்த ஊரில் இதைப் பார்க்க எத்தனை பேர்? தெரிந்து பார்க்க எத்தனை பேர்? பயப்படுகிற கையை நாய் மோந்தே கண்டுபிடித்துவிடும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பையில் வறுத்த ஈரலைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு துண்டை எடுத்து, பார்க்காமலே, தரையோடு தரையாக உருட்டிவிட்டாள். அது மேசைக்கால் பக்கத்தில் போய் நின்றது. ஜாங்கிரி மோந்தது. எடுக்கவில்லை. கொட்டாவி விட்டது. தூக்கக் கொட்டாவி இல்லை, தவிப்பின் கொட்டாவி.

ரோஜரும் கொட்டாவி விட்டான். அன்றைக்கு அதற்கு அர்த்தம் தெரியவில்லை. இருபத்தாறு வயதில், படிப்பு முடித்து முதல் வேலை, இன்னொருத்தருடைய தனியார் ஆஸ்பத்திரியில் உதவி டாக்டர். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற சேதுமாதவன் என்று ஒருவர், ஆறு வயது டாபர்மேன் ரோஜரைச் சங்கிலியில் இழுத்துக்கொண்டு வந்தார். மருமகனின் முழங்கையைக் கிழித்துவிட்டது. வேண்டாம், முடித்துவிடுங்கள். பெரிய டாக்டர் வெளியூர் போயிருந்தார். அவள்தான் இருந்தாள். மூன்று ஆட்கள் பிடித்தார்கள், வாயைக் கட்டுத்துணியால் இறுக்கிக் கட்டினார்கள். ரோஜர் அந்தக் கட்டுக்குள்ளேயே ஒரு சத்தம் போட்டான், குழாயில் காற்று அடைத்தால் வருமே அப்படி. ஊசி போட்டாள். கை நடுங்கவில்லை. நல்ல டாக்டர் என்று தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டாள் என்பதுதான் இப்போதும் நெஞ்சில் சுருக்கென்று தைக்கிறது. சேதுமாதவன் வாசல்வரை போய்த் திரும்பி, "ஆறு வருஷம் என் கையால சோறு போட்டேனே டாக்டர், துரோகி மாதிரி பண்ணிட்டானே" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் போனபிறகு கட்டை அவிழ்த்து வாயைத் திறந்து பார்த்தாள். ஏன் பார்த்தாள்? வாடை அடித்தது. மேல்தாடையில் பெரிய கடைவாய்ப்பல் இரண்டாகப் பிளந்து, வேர்வரைக்கும் சீழ் வைத்து, கண்ணுக்குக் கீழே எலும்பையே அரித்திருந்தது. ஒரு பல். மருமகன் விளையாட்டாக முகத்தைப் பிடித்து ஆட்டியிருப்பான். ஒரே ஒரு பல். பிடுங்கிப் போட்டிருந்தால் பத்து நிமிஷ வேலை. சேதுமாதவனிடம் அவள் சொல்லவில்லை. போன் நம்பர் ரிஜிஸ்தரில் இருந்தது, இரண்டு தடவை ரிசீவரை எடுத்தாள், வைத்துவிட்டாள். சொல்லி என்ன ஆகப்போகிறது, அவருக்குத்தான் வேதனை என்று தனக்குத் தானே ஒரு நியாயம். அந்த மனிதர் தன் நாய் துரோகி என்று நினைத்துக்கொண்டே இருந்து, ஒருநாள் செத்தும் போயிருப்பார். அது யார் செய்த துரோகம்?

அந்தப் பல்தான் அவளை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தது என்று சொல்லலாம். மேடையில் கேட்கும்போது வேறு காரணங்கள் சொல்வாள். மிருகங்களின் மனநலம் ஒரு வளர்ந்துவரும் துறை, இத்யாதி. நாகர்கோவில் பக்கத்து அரசு மருந்தகத்தில் மாட்டுக்குச் சினை ஊசி போட்டுக்கொண்டே ராத்தூக்கத்தைத் தின்று படித்தது, நாற்பது வயதில் முதன்முதலாக விமானம் ஏறிப் போய், அந்தத் துறைப் பரீட்சையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த மூன்று பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டு தோற்றது, மறுவருஷமும் தோற்றது, மூன்றாவது வருஷம் ஜெயித்து வந்தபோது கூடப் படித்தவர்கள் "வாங்க பைத்தியக்கார டாக்டர்" என்று கை குலுக்கியது. நாய்க்கு மனசா? அதுக்கு ஒரு டாக்டரா? மாத்திரை வேறயா? சிரிப்பார்கள். பிறகு ராத்திரி பதினோரு மணிக்குத் தங்கள் வீட்டு நாய்க்காகப் போன் பண்ணுவார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. ஆனால் எந்த நாயைப் பார்த்தாலும் அவளுக்கு முதலில் அந்தப் பல் ஞாபகம் வரும். வலி இருக்கவேண்டும், எங்கேயோ வலி இருந்தே ஆகவேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும். இதோ இப்போதும். ஜாங்கிரி எழுந்தது. எழும்போது முன்னங்காலை முதலில் ஊன்றி, பின்பக்கத்தை ஒரு கணம் தாமதமாகத் தூக்கியது. பார்த்தாயா? பார்த்தாய். நிஜமாகப் பார்த்தாயா, இல்லை பார்க்க ஆசைப்பட்டாயா? வழவழப்பான டைல்ஸ் தரை, எந்த நாயும் அப்படித்தான் எழும். இடது பின்காலில் பாரம் குறைவு. ஆமாம். இல்லை, கயிறு அந்தப் பக்கம் இழுக்கிறது, அதனால் அப்படி நிற்கிறது. ஒரு நிரபராதியைக் கொன்றவள் பார்க்கிற ஒவ்வொருவனையும் நிரபராதி என்று தீர்ப்பெழுதுவாளாம். அப்படி எழுதித்தானே லூர்து மேரிக்கு அது நடந்தது.

லூர்து மேரி. இந்தப் பெயர் வரும் என்று தெரியும், உட்கார்ந்ததிலிருந்தே அதன் பக்கம் போகாமல் சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருந்தாள். மூன்று வருஷம் ஆயிற்று. பெரிய வீடு, வரவேற்பறையில் வெள்ளை சோபா, சீசர் என்று ஒரு லேப்ரடார். வீட்டுக்கார அம்மாள் அத்தனை மரியாதை, அத்தனை பிரியம், வெள்ளித் தம்ளரில் காப்பி. தட்டுப் பக்கத்தில் போனால் சீசர் விறைக்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். ஹெப்சிபா பார்த்தாள். தட்டில் சோறு வைத்ததும் அது தின்பதை நிறுத்திவிட்டுச் சிலைபோல நின்றது. கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிந்தது. ஒரு சத்தமும் இல்லை. அதுதான் அவளை உறுத்தியது. சத்தம் ஏன் இல்லை? கேட்டிருக்கவேண்டும். வாயைத் திறந்தாள். அதற்குள் அந்த அம்மாள், "அவன் குழந்தை டாக்டர். அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம், வீடு முழுக்க ஜனம் வரும், இவனைக் கொண்டுபோய் எங்கேயாவது விடுன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எனக்குத் தெம்பா இருக்கும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஹெப்சிபா சொன்னாள். ஒண்ணும் ஆகாது. மாத்திரை எழுதினாள். தட்டை எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் கவனம் என்றும் சொன்னாள். ஆனால் தட்டை எடுக்கிறவள் அந்த வெள்ளை சோபா அறையில் இல்லை. அவள் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளையும் கூப்பிடுங்கள் என்று டாக்டருக்கும் தோன்றவில்லை. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. ஆஸ்பத்திரிக் கட்டிலில் லூர்து மேரி உட்கார்ந்திருந்தாள், ஜெபமாலையை இடது கையால் உருட்டிப் பழகிக்கொண்டு. ஹெப்சிபாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், மரியாதைக்கு! "அது உறுமவே இல்ல டாக்டரம்மா. உறுமியிருந்தா நான் கைய எடுத்திருப்பேன்ல" என்று சொன்னாள், குற்றம்சாட்டும் குரலில் அல்ல, தன்மேல் தப்பில்லை என்று மேஸ்திரியிடம் சொல்கிறவள்போல. உறுமவே இல்ல. உறுமவே இல்லம்மா. அன்றிலிருந்துதான் கை.

தணிகைவேலும் போனில் அதைத்தான் சொன்னான். ஒரு சத்தம் இல்ல மேடம், ஒரு வார்னிங் இல்ல, திடீர்னு. திடீரென்று எதுவும் நடப்பதில்லை என்று அவள் பாடம் நடத்துவாள். முதலில் முகத்தைத் திருப்பும், பிறகு நகர்ந்து போகும், பிறகு விறைக்கும், பிறகு உறுமும், பிறகு பல்லைக் காட்டும், கடைசியில்தான் கடி. ஏணி மாதிரி. ஆறு வயதுக் குழந்தை ஏணியைப் படிக்குமா? உறுமல் ஒன்றுதான் யாருக்கும் புரிகிற படி. அந்தப் படியை இந்த நாய் எங்கே தொலைத்தது? பிறக்கும்போது எல்லா நாய்க்கும் உறுமத் தெரியும். அவளுக்கும்தான் தெரிந்திருந்தது. அப்பா போதகர், திருச்சபை வீட்டில் பிள்ளைகள் முணுமுணுக்கக்கூடாது. சாப்பாடு பிடிக்கவில்லை என்று முகத்தைச் சுளித்தால் தட்டு எடுக்கப்படும். அண்ணனுக்கு மட்டும் ஏன் சைக்கிள் என்று கேட்டதற்கு முழங்கால் போட்டு நின்ற ஞாபகம், ஜன்னலுக்கு வெளியே பலாமரத்தில் அணில். அடித்ததே இல்லை அப்பா. குரலை உயர்த்தியதுகூட இல்லை. "முகத்தைச் சரி பண்ணிட்டு வா, ஹெப்சி" என்பார். அவ்வளவுதான். சரி பண்ணிக்கொண்டு வருவாள். எல்லோரும் எத்தனை சாதுவான பெண் என்றார்கள். அந்தச் சாதுவான பெண்தான் வெள்ளை சோபாவில் உட்கார்ந்து, வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, ஒண்ணும் ஆகாது என்றாள். ஏதோ சரியில்லை என்று அவளுக்குள் ஒன்று உறுமியது. முகத்தைச் சரி பண்ணிக்கொண்டாள். இரண்டு விரல். ஹெப்சிபா கண்ணை மூடித் திறந்தாள். மணி பத்து முப்பத்தைந்து. தெருவில் குப்பை வண்டியின் பாட்டு நெருங்கி வந்து விலகிப் போனது. ஈரல் துண்டு இருந்த இடத்தில் இல்லை. அவள் லூர்து மேரியின் கட்டிலருகே நின்றிருந்த நேரத்தில் இந்த நாய் அதைத் தின்றுவிட்டு மேசைக்கு வெளியே வந்திருந்தது. தொழிலில் இருப்பவள் பண்ணக்கூடாத தப்பு. பக்கத்தில் நாய், மனசு வேறெங்கோ.

ஆனால் அவள் அசையாமல் இருந்ததுதான் அதற்குப் பிடித்திருக்கவேண்டும். அடுத்த துண்டை இன்னும் பக்கத்தில் போட்டாள், அதற்கடுத்ததைத் தன் முழங்காலருகே. கயிறு அதுவரைக்கும் எட்டும் என்று தெரியும். அதற்குமேல் எட்டாத இடத்தில் உட்கார்ந்திருந்தவள் ஒரு சாண் முன்னால் நகர்ந்தாள். இப்படிச் செய்யாதே என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது, முதலில் வாய்க்கூடு பழக்கு, பிறகு மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடு, கையை உபயோகிக்காதே. அவளே மாணவர்களைத் திட்டுவாள். ஆனால் நாளைக்கு ஊசி என்று ஒருவன் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். வேறு ஒரு காரணமும் இருந்தது, அதைத் தனக்குள்ளேயே மெதுவாகத்தான் ஒப்புக்கொண்டாள்: கையை நீட்ட முடியுமா என்று தெரியவேண்டியிருந்தது. ஜாங்கிரி பக்கவாட்டில் வந்து நின்று துண்டை எடுத்தது. அதன் மூச்சு முழங்காலில் சுடச்சுடப் பட்டது. நிதானமாக, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, கழுத்தைத் தொட்டாள். விலகாமல் இருந்தது. தோள்பட்டை. இருந்தது, கொஞ்சம் சாயக்கூடச் செய்தது, எத்தனையோ நாளாக யாரும் தொடாத உடம்பின் பசியோடு. கை முதுகில் இறங்கியது, விலா, விலாவுக்குப் பின்னால், இடுப்பு. இடுப்பெலும்புக்குச் சற்று முன்னால், இடது பக்கம், விரலுக்கடியில் தோல் தண்ணீர்போல நெளிந்தது. அவ்வளவுதான், நாய் நின்றுபோனது. மூச்சும் நின்றது. கண்ணின் ஓரத்தில் வெள்ளைப் பிறை. சீசர். வெள்ளித் தம்ளர். கையை எடு, கையை எடு என்று உடம்பு முழுக்கக் கூவியது. அவள் எடுக்கவில்லை. அழுத்தவும் இல்லை. சொல் என்று நினைத்தாள். வாயால் சொல்லவில்லை, நினைத்தாள், கெஞ்சினாள் என்றே சொல்லவேண்டும். சொல்லிடு, கண்ணு. நான் கேக்கறேன். அப்போது அது வந்தது. சத்தம் என்றுகூடச் சொல்லமுடியாது, தொண்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் எங்கோ ஒரு அதிர்வு, பழைய மோட்டார் கிளம்பலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல. ஹெப்சிபா சட்டென்று கையை எடுத்துவிட்டாள். சொன்னாய், கேட்டேன். நாய் அவளைப் பார்க்கவில்லை. சாத்தியிருந்த படுக்கையறைக் கதவைப் பார்த்தது. பார்த்துவிட்டுக் காதை மண்டையோடு ஒட்டவைத்து, உதட்டை நக்கி, உடம்பைத் தரையோடு தாழ்த்திக் கண்ணை இடுக்கிக்கொண்டது, மேலே இருந்து எதுவோ வந்து விழப்போகிறது என்பதைப்போல. எதுவும் விழவில்லை. ஒரு நிமிஷம் பொறுத்து மறுபடி அதே இடத்தில் கை வைத்தாள். மறுபடி அந்த அதிர்வு, இந்தத் தடவை கொஞ்சம் தைரியமாக. எடுத்தாள். மூன்றாவது தடவை கை அங்கே போகும் முன்னாலேயே உறுமியது, தெளிவாக, கேட்டால் யாருக்கும் புரிகிற மாதிரி. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இதை அவள் ஆசைப்பட்டுக் கற்பனை பண்ணவில்லை. பண்ணமுடியாது. இடது கையைப் பார்த்தாள். சில்லென்றுதான் இருந்தது. இருக்கட்டும்.

கதவைத் தட்டியதும் தணிகைவேல்தான் முதலில் வந்தான். முப்பத்தெட்டு வயது, வேலைக்கு லீவு போட்டிருந்தான், பதினோரு நாளாகச் சரியாகத் தூங்காத கண். அவன் வெளியே காலை வைத்ததும் ஜாங்கிரி எழுந்து மேசைக்கடியில் போய்ப் படுத்தது. அதை ஹெப்சிபா பார்த்தாள், அவள் பார்த்ததை அவனும் பார்த்தான். "உறுமிச்சா மேடம்? உள்ள கேட்டுச்சு" என்றான். "ஆமா." "பாத்தீங்களா. உங்ககிட்டயே உறுமுது." ஹெப்சிபா நாற்காலியில் உட்கார்ந்தாள். "நல்லது தணிகைவேல். அது உறுமுறதுதான் நமக்கு நல்லது. முன்னாடி உறுமாதுன்னு சொன்னீங்கல்ல. குட்டியிலருந்தேவா?" அவன் யோசித்தான். "இல்ல, சின்னதுல உறுமும். பாப்பா தவழ ஆரம்பிச்சப்போ, அது பக்கத்துல போனா உறுமும். அப்புறம் நிறுத்திட்டோம்." "எப்படி நிறுத்துனீங்க?" அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். ஷர்மிளா கதவு நிலையில் நின்றிருந்தாள், அவளுடைய புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு குழந்தை, கன்னத்தில் பெரிய பிளாஸ்திரி. ஷர்மிளா தரையைப் பார்த்தபடி, "செருப்பால" என்றாள். "எப்பவும் இல்ல," என்றான் அவன், சட்டென்று. "உறுமினா மட்டும்தான். வேற எதுக்கும் நான் அது மேல கை வச்சதில்ல மேடம். கேட்டுப் பாருங்க. பாப்பாகிட்ட உறுமக்கூடாதுன்னுதான். பாப்பாவை ஒண்ணும் பண்ணிடக்கூடாதுன்னுதான்..." சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான். அந்த வாக்கியம் எங்கே போய் முடிகிறது என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. ஹெப்சிபாவுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. வரவேண்டிய இடம்தான், தேடிப் பார்த்தாள், இல்லை. பிரியத்தால் ஒரு வாயை அடைத்தவன். எத்தனை வீட்டில், எத்தனை நல்லவர்கள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பால்கனிப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றான். தோள் மட்டும் குலுங்கியது. குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மென்று விழுங்கவில்லை. இடுப்பில் வலி இருக்கிறது, முதுகெலும்பிலா மூட்டிலா என்பது எக்ஸ்ரேயில் தெரியும், அநேகமாக மாதக்கணக்கில் இருந்திருக்கும். அன்றைக்குப் பாப்பா சரியாக அந்த இடத்தில் வந்து விழுந்திருக்கிறாள். அதற்குச் சொல்லத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொல்லக்கூடாது என்று அது கற்றிருந்தது. இதைச் சொல்லும்போது தணிகைவேலைப் பார்க்கவில்லை, சேதுமாதவனிடம் சொல்வதுபோலத்தான் இருந்தது, இருபத்தெட்டு வருஷம் தாமதமாக. அவன் திரும்பி வந்து, "அப்ப சரியாயிடும்ல மேடம்? இனிமே கடிக்காதுன்னு எழுதிக் கொடுப்பீங்களா?" என்றான். ஷர்மிளாவின் கண் அப்படியே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வளர்க்கிற நாய், மழையில் ஓர் அட்டைப்பெட்டியோடு எடுத்துவந்ததாம். ஒரு வார்த்தை சொன்னால் தெம்பாக இருக்கும். ஹெப்சிபா, "மாட்டேன்" என்றாள். "கடிக்கலாம். வலி குறைஞ்சாலும் கடிக்கலாம். உறுமலை அடிச்சு அடக்க ஏழெட்டு மாசம் ஆயிருக்கும், திரும்பி வர அதைவிட அதிகமாகும். அதுவரைக்கும் ஆறு வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டில இது இருக்கக்கூடாது. என் வீடா இருந்தா நான் வச்சுக்க மாட்டேன். ஆனா ஊசியும் போட மாட்டேன். போட வேண்டிய நாயில்லை இது." ஷர்மிளா அழுதாள், சத்தமில்லாமல். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பொன்னேரியில் அக்கா இருக்கிறாள், பிள்ளைகள் காலேஜில் படிக்கிறார்கள், அவர்களைக் கேட்கிறேன் என்றாள். "அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லணும். வீட்டில வேலை செய்றவங்க யாராவது இருந்தா அவங்களையும் கூப்பிட்டு உட்கார வச்சுச் சொல்லணும். நானே வந்து சொல்றேன்." "சரிங்க டாக்டர்." "அங்கயும் சரிப்படலைன்னா?" என்று கேட்டான் தணிகைவேல். "அப்ப திரும்பக் கூப்பிடுங்க. யோசிப்போம்," என்றாள். குழந்தை முதல் தடவையாக வாயைத் திறந்து, தையலுக்கு வலிக்காமல் ஒரு பக்கமாக, "ஜாங்கிரிக்கு என்மேல கோவமா?" என்றது. "இல்லடா. இடுப்பு வலி." "எனக்குக் கன்னம் வலிக்குது." "ஆமா," என்றாள் ஹெப்சிபா. "ரெண்டு பேருக்கும் வலி." குழந்தை அதை யோசித்தது. மன்னித்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டது.

எக்ஸ்ரேக்கு அப்போதே போவது என்று முடிவாயிற்று. வாய்க்கூட்டைத் தளர்வாக மாட்டிக் கயிற்றை அவிழ்த்ததும் தணிகைவேல், "நான் கூட்டிட்டு வரேன்" என்று கயிற்றை வாங்கிக்கொண்டான். லிப்ட் இல்லாத கட்டடம். மூன்று மாடி. ஹெப்சிபா அவர்களுக்குப் பின்னால், ஆறேழு படி தள்ளி இறங்கினாள். ஜாங்கிரி முதல் படியின் விளிம்பில் நின்று கீழே பார்த்தது. முன்னங்கால்களை ஒவ்வொன்றாக இறக்கியது. பிறகு பின்பக்கம் முழுவதையும் ஒரு பக்கமாகத் திருப்பி, வலது காலை மட்டும் ஊன்றி, உடம்பை நழுவவிடுவதுபோல இறங்கி, நின்று, மூச்சு வாங்கியது. அடுத்த படிக்கும் அப்படியே. தினமும் இரண்டு வேளை, ஒரு நாளைக்கு எத்தனை படி, எத்தனை மாதமாக. இந்த வீட்டில் எல்லோரும் தினமும் பார்த்த காட்சிதான். தணிகைவேல் இப்போதுதான் பார்க்கிறான் என்பது அவனுடைய பிடரியிலிருந்தே தெரிந்தது. கயிறு அவன் கையில் தொய்ந்து கிடந்தது. கீழிருந்து ஏறிவந்த ஒருவர் நாயைப் பார்த்துச் சுவரோடு ஒதுங்கி, "என்னப்பா, இழுத்துட்டுப் போ, வழி விடு" என்றார். "மெதுவாத்தான் வரும் சார்" என்றான் தணிகைவேல். இரண்டு படி கீழே நின்று, அண்ணாந்து, அது அடுத்த காலை எடுத்து வைக்கும்வரை காத்திருந்தான்.